கத்திரி நுனி தொங்குகிறது, மிளகாய் முழுக்க மாவுப்பூச்சி: மாடித் தோட்டத்தை எடுத்துவிடலாமா?

சத்துவாச்சாரி மாடி

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் காலை முதல் மாலை வரை முழு வெயில். பெயின்ட் வாளி, குரோ பேக், பாதியாக அறுத்த பழைய தண்ணீர் டிரம் என்று கிடைத்ததில் எல்லாம் செடி வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டை, பச்சை மிளகாய், ஒரு பாகல் பந்தல், சாமிக்குப் பூப் பறிக்க ஒரு செம்பருத்தி. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணி மூன்றும் கலந்த மண். வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் விடுகிறேன்.

தை, மாசியில் எங்களுக்குப் போக எதிர்வீட்டுக்கும் கொடுக்கிற அளவுக்குக் காய் வந்தது. சித்திரையில் இருந்து ஒன்று மாற்றி ஒன்று. முதலில் செம்பருத்தி மொட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது, அங்கிருந்து மிளகாய்க்குத் தாவிவிட்டது. கைப்பிடிச் சுவர் ஓரமாக எந்நேரமும் எறும்பு வரிசை. கத்திரியில் நுனிக் கொழுந்து தொங்குகிறது, தண்ணீர் விட்டாலும் நிமிர்வதில்லை. காய் வெளியே பளபளவென்று இருக்கிறது, அரிந்தால் உள்ளே புழு. வெண்டையில் புது இலை எல்லாம் நரம்பு மஞ்சளாக வருகிறது. பாகல் பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் பழுத்து உதிர்ந்துவிடுகிறது. மிளகாய் இலை சுருண்டு கிடக்கிறது.

வேப்பெண்ணெயை வாரத்துக்கு இரண்டு முறை காலையில் அடித்து வந்தேன். இலை ஓரம் கருகியதே தவிர பூச்சி குறையவில்லை. உரக்கடையில் கேட்டதற்கு ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, "ஒரே அடியில் எல்லாம் போய்விடும்" என்றார்கள். வாங்கி வந்து மூடியைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். என் மகளுக்கு நான்கு வயது. மாடிக்கு வந்தாலே வெண்டைப் பிஞ்சைக் கிள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். அவள் சாப்பிடத்தான் இவ்வளவும் வைத்தது, அதில் மருந்தை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

இத்தனையையும் சரிசெய்ய வழி இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மழை வந்த பிறகு புதிதாகத் தொடங்குவதுதான் நல்லதா? வேலூர் வெயிலில் தோட்டம் வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாலாஜா வீட்டுத்தோட்டம்

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் சம அளவு எடுத்து அரைத்து, கொஞ்சம் கோமியம் சேர்த்து ஒரு ராத்திரி வைத்து வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள். அசுவினிக்கு நன்றாகக் கேட்கும். கத்திரிப் புழுவுக்குக் கேட்காது, அது தண்டுக்குள்ளே இருக்கிறது. வெண்டையில் நரம்பு மஞ்சள் என்றால் அது நோய், பூச்சி இல்லை. யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

இலவம்பாடி பெண்

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம் தங்கச்சி. வெண்டை மட்டும்தான் போகவேண்டியது. மற்றதெல்லாம் தேறும்.

நான் பிறந்தது வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இலவம்பாடி. அந்த முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். கல்யாணமாகி வந்தது காட்பாடி காந்தி நகர். இங்கே மண் என்று சொல்ல மாடியில் இருக்கிற தொட்டி மண்தான். நீங்கள் எழுதிய வெயில், எறும்பு, மாவுப்பூச்சி எல்லாம் எங்கள் மாடியிலும் வருஷா வருஷம் பார்ப்பதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எறும்பைப் பாருங்கள். நீங்கள் அதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், உங்கள் மாவுப்பூச்சிக்குக் காரணமே அதுதான். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்புச் சொட்டாகக் கழிக்கிறது. அந்தச் சொட்டுக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போல மேய்க்கிறது. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கொழுந்தில் விடும். அதைத் தின்ன வருகிற பொறி வண்டு, குளவி எதையும் கிட்டே விடாமல் விரட்டும். எறும்பு ஏறிக்கொண்டே இருக்கிறவரை நீங்கள் எதை அடித்தாலும் அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்கும்.

வழியை அறுப்பது கஷ்டம் இல்லை. தொட்டிகளைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடுகிற கிளையை வெட்டிவிடுங்கள். செம்பருத்தித் தொட்டியை ஒரு அகலமான தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றி, தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு வைத்துவிடும். பெரிய டிரம்முக்குத் தட்டு கிடைக்காது. அதற்குத் தண்டில் அகலமான டேப்பைச் சுற்றி, டேப்பின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள். தண்டில் நேராகத் தடவினால் பட்டை வெந்துவிடும். சுவர் வெடிப்பில் புற்று இருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆறியதும் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

எறும்பு நின்ற பிறகு மாவுப்பூச்சியைக் கையால் எடுங்கள். மோசமாக அப்பியிருக்கிற கிளையை வெட்டிவிடலாம். மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் வந்துவிடும். வெட்டியதை உரத் தொட்டியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி மாடித் தரையில் வெயிலில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயில் பைக்குள் இருக்கிற எதையும் உயிரோடு விடாது. சோப்புத் தண்ணீருக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வேலையும் செய்யாது. காவிரித் தண்ணீர் வருகிற அன்று ஒரு குடம் இதற்கென்று பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு வெள்ளையையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இதை அவசியம் செய்ய வேண்டும். மாவுப்பூச்சி சின்னது, தொட்டால் அசைந்தால் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே கொஞ்சம் பெரிதாக, உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு நூல் நீளமாகத் தொங்க, தொட்டதும் விறுவிறுவென்று ஓடுகிற ஒன்று இருக்கலாம். அது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற கிரிப்டோலீமஸ் என்கிற பொறி வண்டின் புழு. வளர்ந்த வண்டுக்கு முதுகு கருப்பாகவும், தலையும் பின்பக்கமும் செம்மஞ்சளாகவும் இருக்கும், மிளகைவிடக் கொஞ்சம் சின்ன அளவு. 1898-இல் காப்பித் தோட்டத்துக்காக ஆஸ்திரேலியாவில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. மாவுப்பூச்சி என்று நினைத்து இந்தப் புழுவைத் தேய்த்துக் கொல்கிற வீடுகள் ஏராளம். அது இருக்கிற கிளையை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள், அந்தக் கிளையை அதுவே சுத்தம் செய்துவிடும்.

அடுத்தது கத்திரி. நுனி தொங்குவது வெயிலால் இல்லை. வெயிலில் வாடினால் செடி முழுவதும் வாடும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஒரு கொழுந்து மட்டும் தொங்கி, காலையிலும் அப்படியே இருந்தால் அது தண்டு துளைக்கும் புழு. தொங்குகிற இடத்துக்கு நாலு விரல் கீழே வெட்டி, தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுச்சோறு எல்லாம் தின்று தீர்த்து, கருப்பும் பழுப்புமாக எச்சத்தை அடைத்து வைத்துவிட்டு, இளஞ்சிவப்பாக, தலை மட்டும் பழுப்பாக ஒரு புழு இருக்கும். புழு தெரியாவிட்டால் இன்னும் ஒரு விரல் கீழே வெட்டுங்கள், அது கீழ் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் அம்மா காலையில் கொல்லைக்குப் போகும்போதே சின்னக் கத்தியும் ஒரு கூடையும் எடுத்துப் போவார். தொங்குகிற நுனி, ஓட்டை விழுந்த காய், எல்லாம் கூடைக்குப் போகும், கூடையில் இருப்பது அடுப்புக்குப் போகும். முள் இருப்பதால் எங்கள் ஊர் முள்ளு கத்திரிக்காயில் புழு வராது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். முள் காம்பில்தான், புழு அதற்கெல்லாம் நிற்பதில்லை. அந்த ஊரில் கத்திரி காய்ப்பது இந்தக் கூடையால்தான்.

உங்களிடம் இருப்பது சில செடிகள். தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு சுற்று வந்தால் போதும். புழு முதிர்ந்ததும் வெளியே வந்து உதிர்ந்த சருகிலும் மண்ணிலும் கூடு கட்டும், அதனால் தொட்டியில் சருகு சேர விடாதீர்கள். இன்னொரு நல்ல வழி வலை. பூ வைக்கத் தொடங்கும்போதே பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் அந்துப்பூச்சி வந்து முட்டை வைக்க முடியாது. கத்திரிப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தேனீ வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். ஆனால் வலை கட்டுவதற்கு முன்னால் இப்போது இருக்கிற நுனியையும் காயையும் எடுத்துச் செடியைச் சுத்தம் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்துப்பூச்சியை உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும்.

வெண்டையில் இருப்பது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ ஒரு செடியில் இருந்து இன்னொன்றுக்குப் பரப்புகிற வைரஸ். செடிக்குள் வந்துவிட்டால் மருந்து எதுவும் கிடையாது. வேரோடு எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். ஒரு பழைய எண்ணெய் டப்பாவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈ அதில் வந்து ஒட்டும். வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடியும் தடவ வேண்டும்.

மிளகாயில் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓரம் மேல் நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ் நோக்கிச் சுருண்டு இலைக்காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இரண்டுக்குமே முதல் வைத்தியம் தண்ணீர்தான். காலையில் குழாய் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக அடியுங்கள். இந்தக் கோடையில் இலைப்பேன் பெருகுவதே வறட்சியால்தான்.

வேப்பெண்ணெயை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். நாற்பது டிகிரி அடிக்கிற ஊரில் காலையில் எண்ணெய் தெளித்தால் பத்து மணிக்கு இலை வெந்துவிடும். எண்ணெயில் பூச்சியைத் தடுக்கிற அசாடிராக்டின் என்கிற பொருளும் வெயிலில் சிதைந்துவிடும், அதனால் பூச்சிக்கும் கேட்காது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி. முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாகக் குழைத்து வெண்மையானதும்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து, ஒரு இலைக்கு எல்லாம் போய் இன்னொரு இலைக்கு ஒன்றும் போகாது.

கடைசியாகப் புண்ணாக்கு. நம் பக்கம் செக்கில் புண்ணாக்கு சுலபமாகக் கிடைப்பதால் எல்லோரும் தாராளமாக ஊற்றுகிறோம். தழைச்சத்து அதிகமானால் கொழுந்து சதசதவென்று இளசாக வரும், சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு அதுதான் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். நடுவில் கொஞ்சம் சாம்பல் போடலாம்.

ஆற்காடு விவசாயி மகன்

அக்கா சொல்வது எல்லாம் சரிதான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு நேரம் கிடைக்குமா? எங்கள் நிலத்தில் அப்பா ஊடுருவிப் பாயும் மருந்து ஒன்றை ஒரே ஒரு முறை அடிப்பார், சாறு உறிஞ்சும் பூச்சி மொத்தமும் போய்விடும். மாடியில் பத்துத் தொட்டிக்கு ஒரு மூடி மருந்து போதும். ஒரு வாரம் காய் பறிக்காமல் இருந்தால் ஆபத்தும் இல்லை. செடியைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் இயற்கை முறைக்குப் போகலாமே.

இலவம்பாடி பெண்

தம்பி, உங்கள் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ஏக்கர் கணக்கில் போட்டுவிட்டுக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் நிலைமை வேறு. இது ஒரு குழந்தை கிள்ளித் தின்கிற செடி. ஒரு வாரம் பறிக்கக் கூடாது என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லி நிறுத்துவது? ஊடுருவிப் பாயும் மருந்து என்றால் செடியின் சாற்றோடு கலந்து இலை, காய் எல்லாவற்றுக்கும் போகிறது. கழுவினால் போகாது. கடைகளில் எதைக் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்தைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கக் கூடாது என்று தடை வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் அதைக் கத்திரிக்கு அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சி, அந்த பாட்டிலைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. அதற்கு அடுத்த வருஷங்களில் தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாம் வெள்ளையாகி நின்றது ஞாபகம் இருக்கும். மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அது அடங்கவில்லை. உடம்பு மேல் மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே போவதே சிரமம், அடித்த மருந்து அதன் எதிரிகளைத்தான் முதலில் கொன்றது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்கிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் அடங்கிவிட்டது. நம் மாடிக்கும் அந்தக் குளவியும் வண்டும் வரும், நாம் மருந்து அடிக்காமலும் எறும்பை ஏறவிடாமலும் இருந்தால். நான் மருந்தை எதிர்ப்பது பிடிவாதத்தால் இல்லை. நமக்காகச் சும்மா வேலை பார்க்கிற உயிர்களை நம் கையாலேயே கொன்றுவிட்டு, அந்த வேலையை ஆயுளுக்கும் நாமே செய்ய வேண்டி வருகிறதே என்கிற ஆற்றாமைதான்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வாரம் வேலை அதிகம், மறுக்கவில்லை. எறும்பு வழி அறுபட்ட பிறகு காலையில் டீ குடிக்கிற நேரம் போதும்.

சத்துவாச்சாரி மாடி

அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரும் படித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து தொட்டிகளைச் சுவரில் இருந்து நகர்த்தினோம். டிரம்முக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் புற்று இருந்தது, கொதிநீர் ஊற்றி அடைத்தாயிற்று. மிளகாயில் எறும்பு இப்போது ஏறவில்லை.

ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்ததில் செம்பருத்தியில் ஒன்று ஓடியது! நீளமாக வெள்ளை நூல் தொங்கத் தொங்க ஓடி இலைக்கு அடியில் போய்விட்டது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அவள் யாரையும் அந்தக் கிளை பக்கம் விடுவதில்லை.

கத்திரித் தண்டைப் பிளந்தேன். நீங்கள் சொன்ன அதே இளஞ்சிவப்புப் புழு. தொங்கின நுனி எல்லாம் வெட்டியாயிற்று. வெண்டையையும் எடுத்துவிட்டேன், மகள் அழுதாள். மிளகாய் இலை மேல் நோக்கித்தான் சுருண்டிருக்கிறது, தண்ணீர் அடிக்கிறேன்.

பாகலைப் பற்றி மட்டும் நீங்கள் எழுதவில்லை. அதற்கும் வலை கட்டலாமா?

இலவம்பாடி பெண்

பாகலை விட்டுவிட்டேன், சரியாகக் கேட்டீர்கள். பாகலுக்கு வலை கட்டாதீர்கள். அதில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது.

உதிர்கிற பிஞ்சை அரிந்து பாருங்கள். உள்ளே சின்ன வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. ஒன்றுமே இல்லாமல் வெறுமனே மஞ்சளாகியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். கோடையில் மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும், ஆண் பூவும் அளவுக்கு மேல் பூக்கும். அப்படியானால் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பாகற்காய் வடிவம் இருக்கும், சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள், சின்ன விரலுக்கு ஏற்ற வேலை.

பழ ஈ என்றால் அது பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். பிறகு மேலே எதைத் தெளித்தும் பயன் இல்லை. காய் பிடித்த இரண்டாம் மூன்றாம் நாளே காகிதப் பையோ பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பையோ மாட்டிக் காம்பில் கட்டிவிடுங்கள். உதிர்ந்ததை ஒரு நாள்கூடத் தொட்டி மேல் விடக் கூடாது, புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். வாரம் ஒருமுறை மேல் மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். பாகல், பீர்க்கு, புடலைக்கு வருகிற பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற பொறி இருக்கிறது, கியூ லூர் பொறி என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கு விற்பது வேறு, அதை மாட்டினால் இந்த ஈ வராது.

விரிஞ்சிபுரம் ஓய்வு

நல்ல பதில்கள். வேளாண்மை சார்ந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, வேப்பெண்ணெயைவிட வேப்பங்கொட்டைச் சாறு இந்த வெயிலுக்குப் பாந்தம், இலை கருகுவது குறைவு. இப்போது ஆனி, மரத்தடியில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கிறது. பொறுக்கி, சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் வருஷம் முழுவதற்கும் ஆகும். ஈரமாக மூட்டை கட்டினால் பூசணம் பிடித்து வீணாகிவிடும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நன்றாகப் பிழிந்து வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கலாம். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இரண்டு, வெர்டிசிலியம் லெக்கானி என்கிற பூஞ்சாணத் தூளைப் பலர் மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் சொல்வார்கள். லிட்டருக்கு ஐந்து கிராம். நல்லதுதான், ஆனால் அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். வேலூரில் இப்போது வாங்கி அடித்தால் பணம் வீண். ஐப்பசி மழைக்கு அப்புறம் அடியுங்கள்.

சந்தேகம் இருந்தால் பாதித்த கிளையை ஒரு பையில் போட்டுக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். நேரில் பார்த்தால்தான் இலைப்பேனா சிலந்திப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியும். கத்திரிப் புழுவின் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி எங்கே கிடைக்கும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். மாடிக்கு ஒன்று போதும், செடி உச்சிக்குச் சற்று மேலே தொங்க வேண்டும், உள்ளே இருக்கிற வாசனைக் குப்பியை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சத்துவாச்சாரி மாடி

ரொம்ப நன்றி ஐயா. எங்கள் தெரு முனையில் வேப்பமரம் இருக்கிறது, நாளைக்கே பொறுக்கப் போகிறோம். பாகல் பிஞ்சை அரிந்து பார்த்தேன் அக்கா. உதிர்ந்ததில் பாதிக்குப் புழு, பாதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டுமே இருக்கிறது போல. பை தைக்கத் தொடங்கிவிட்டேன்.

வெண்டை மறுபடியும் எப்போது போடலாம்? மகள் தினமும் கேட்கிறாள். அதே தொட்டி மண்ணில் போடலாமா?

இலவம்பாடி பெண்

அதே மண்ணில் போடலாம். அந்த வைரஸ் மண்ணில் தங்குவதில்லை, வெள்ளை ஈயோடுதான் வருகிறது. மண்ணைக் கொட்டி ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, மக்கிய சாணியும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பிக்கொள்ளுங்கள். ஆடி பிறந்ததும் விதை போடுங்கள். விதை வாங்கும்போது தேமல் தாங்குகிற ரகம் என்று கேளுங்கள். அர்கா அனாமிகா அதற்கென்றே வந்த ரகம். இப்போது முன்போல முழுசாகத் தாங்குவதில்லை, இருந்தாலும் பெயர் தெரியாத விதையைவிட நல்லது. தொட்டியைச் சுற்றி நாலு மக்காச்சோளம் விதைத்துவிடுங்கள், பறந்து வருகிற வெள்ளை ஈயைக் கொஞ்சம் தடுக்கும்.

முளைத்ததும் முதல் மூன்று வாரம்தான் முக்கியம். அந்தச் சமயத்தில் மட்டும் கொசுவலை கட்டுங்கள், பூ வந்ததும் எடுத்துவிடலாம். நரம்பு மஞ்சளாக ஒரு செடி தெரிந்தால் அன்றைக்கே பிடுங்க வேண்டும், பாவம் பார்த்து விட்டுவைக்கக் கூடாது. என்னிடம் போன வருஷம் எடுத்துவைத்த முள்ளு கத்திரி விதை இருக்கிறது. காட்பாடி பக்கம் வந்தால் சொல்லுங்கள், வெண்டையோடு அதையும் சேர்த்துப் போடலாம்.